தமிழும் ஜப்பானியமும்: ஒப்புமையும் உறவும்

தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் பிறப்புறவு உண்டு என்னும் கொள்கை நம் நாட்டில் பரவி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. இக்கொள்கையை நிறுவ முயன்றவருள் தலையாயவர் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) ஆவார். அவர் தம் நாட்டின் பழைய இலக்கியங்களில் ஆழங்கால்பட்ட பேரறிஞர். 1974இல் வெளிவந்த பழஞ்ஜப்பானிய அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவர். 1980இல் இரு மொழிகளின் ஒலி ஒப்புமை குறித்து அவர் வெளியிட்ட நூல் தமிழறிஞரின் கருத்தைக் கவர்ந்தது. தமிழகத்தில் பேராசிரியர் பொற்கோவும், யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவருடன் இணைந்து பணியாற்றினர்.

இக்கொள்கை மெய்ப்பிக்கப்பட்ட உண்மை என்று எண்ணி, அதனையே அடிமணையாகக் கொண்டு மேலே கட்டடம் எழுப்பும் கட்டுரைகள் பல இன்று எழுகின்றன. முதுகலை மாணாக்கர் சிலர், ஜப்பானுக்கு நெல்லும் இரும்பும் மொழியும் அளித்தவர் தமிழரே என்று ஐயமின்றி எழுதுகின்றனர். இஃது ஆராய்ச்சிக்கு உகந்த நிலை அன்று. ஒரு கொள்கையைப் போற்றுதல் வேறு. அதனை அளந்து காண்டல் வேறு. ஜப்பானிய மக்களின் வரலாறு பற்றி இன்று தெளிவாகியுள்ள செய்திகளைத் துணைக்கொண்டு அக்கொள்கையை அளந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொள்கையும் அதன் வளர்ச்சியும்

திராவிட மொழிகளுக்குக் கிழக்காசியாவில் உறவு தேடும் முயற்சி ஓனோவுக்கு முன்னரே தோன்றியது. ஹல்பர்ட் என்பார் 1905இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணம் ஒன்று எழுதினார். ஜப்பானில் அகிரா புஜிவாரா என்பார் ஜப்பானியத்தைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஓனோ இவ்வழியில் மேலும் சென்று, தமிழ் ஒன்றனையே ஒப்பீட்டுக்கு உரிய மொழியாகத் தேர்ந்துகொண்டு, ஏறத்தாழ 500 சொற்களில் ஒப்புமை கண்டதாகக் கூறினார். சொல்லோடு அவர் நின்றாரல்லர். தாழியில் பிணம் இடும் வழக்கம், பொங்கல் விழா, செய்யுள் யாப்பு ஆகியவற்றையும் சான்றாக எடுத்துக் காட்டினார்.

முதற்கண் இரு மொழிகளும் ஒரு தாய் வயிற்றுப் பிறந்தவை என்ற அவர், பிற்காலத்தில் அந்நிலையைச் சிறிது மாற்றினார். யாயோய்க் காலத்தில் தமிழ் பேசுவோர் கடல் கடந்து சென்று தம் மொழியைப் பரப்ப, அங்கிருந்த மக்களின் மொழியோடு அது கலந்து ஒரு கலப்பு மொழி உருவாயிற்று என்பது அவர்தம் பிற்காலக் கருத்தாகும். பிறப்புறவும் கலப்புறவும் வெவ்வேறானவை; ஒன்றற்குரிய சான்று மற்றொன்றற்கு ஆகாது. இவ்வேறுபாட்டை நம்மவர் பலர் நோக்குவதில்லை.

அறிஞருலகம் இக்கொள்கையை எளிதில் ஏற்கவில்லை. ஜப்பானில் ஷிச்சிரோ முராயாமாவும், அமெரிக்காவில் ராய் ஆண்ட்ரூ மில்லரும் வன்மையாக மறுத்தனர். தமிழன்பரும் திராவிட மொழி நூலில் வல்லவருமான கமில் சுவலபில் 1985இல் இதனை ஆராய்ந்து தனிக் கட்டுரை ஒன்று எழுதினார். நம் கட்டுரைகளில் ஓனோவின் பெயர் பன்முறை வருகின்றது; இவர்தம் பெயர்கள் அருகியே காணப்படுகின்றன.

ஜப்பானிய மக்களின் வரலாறு

ஜப்பான் தீவுகளில் மக்கள் வாழத் தொடங்கி 35,000 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. ததஹிரோ அய்சாவா என்பார் 1946இல் இவாஜுகு என்னுமிடத்தில் பழைய கற்கருவிகளைக் கண்டார். 1949இல் அங்கு நிகழ்ந்த அகழாய்வு, மட்கலம் தோன்றுவதற்கு முன்னரே மக்கள் அங்கு வாழ்ந்தனர் என்பதை உறுதி செய்தது.

இதற்கடுத்தது ஜோமோன் காலம். 1877இல் எட்வர்டு மோர்சு ஓமோரி என்னும் இடத்துக் கிளிஞ்சல் மேட்டை அகழ்ந்து, கயிற்றுத் தடம் பதித்த மட்கலங்களைக் கண்டார். அத்தடமே அக்காலத்துக்குப் பெயராயிற்று. வடபுலத்து ஓதாய் யமமோதோவில் கிடைத்த கல ஓடுகள் ஏறத்தாழ 16,000 ஆண்டுப் பழமையுடையன. ஜோமோன் மக்கள் வேட்டையாடியும் மீன் பிடித்தும் காய் கனி கொட்டை முதலியன தொகுத்தும் வாழ்ந்தனர். சன்னாய் மருயாமா போன்ற பேரூர்களையும் அவர்கள் அமைத்தனர்.

மூன்றாவது யாயோய்க் காலம். 1884இல் தோக்கியோவின் யாயோய்ப் பகுதியில் கிடைத்த கலத்தால் இப்பெயர் வந்தது. நீர் நிறுத்தி நெல் விளைத்தலும், வெண்கலமும் இரும்பும் இக்காலத்தில் பரவின. ஓனோவின் கொள்கை முழுவதும் இக்காலத்தையே பற்றி நிற்கின்றது. ஆதலின் இதனைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும்.

நெல் வேளாண்மை முதலில் தோன்றியது கியூஷுத் தீவின் வடபகுதியில் ஆகும். இதாசுகே, நபதாகே ஆகிய இடங்களில் பழைய வயல்கள் வெளிப்பட்டன. கியூஷுவின் வடகரை கொரியாவை நோக்கியது. அங்குக் கிடைத்த கதிரறுக்கும் கற்கத்தி, கற்றிட்டை, வீட்டமைப்பு ஆகியவை கொரியத் தென்பகுதியில் கிடைப்பனவற்றை ஒத்துள்ளன. அந்நெல் ஜப்பானிகா வகையினது. யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் பயிராக்கப்பட்டு, கொரியா வழியாக வந்தது. நம் நாட்டில் பெரும்பான்மையாக விளைவது இண்டிகா வகை. தமிழர் கடல் வழியே நெல்லைக் கொண்டு சென்றனராயின், அதன் தடம் நெல்லிலேயே தோன்றியிருத்தல் வேண்டும், அது தோன்றவில்லை.

இதன்பின் மூன்றாம் நூற்றாண்டு முதல் கொஃபுன் காலம் வருகின்றது. சாவித்துளை வடிவிலமைந்த பெருங்கல்லறைகள் இக்காலத்து அரசின் எழுச்சியைக் காட்டுகின்றன. கி.பி. 57இல் சீனப் பேரரசன் வழங்கிய பொன் முத்திரையும், 239இல் ஹிமிகோ அரசி சீனத்துக்குத் தூது விடுத்த செய்தியும் இவர்களைப் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளுள் அடங்கும். 712இல் கோஜிகியும் 720இல் நிஹோன் ஷோகியும் எழுதப்பட்டன. 4,500க்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட மன்யோஷூ எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொகுக்கப்பட்டது.

மக்களினத் தோற்றம் பற்றி 1991இல் கசுரோ ஹனிஹாரா, பழைய ஜோமோன் மக்களும் பின் வந்த யாயோய் மக்களும் கலந்தே இன்றைய ஜப்பானியர் உருவாயினர் என்றார். தொன்மையான எலும்புகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2021இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, கொஃபுன் காலத்தில் மூன்றாவது கூறு ஒன்றும் கிழக்காசியாவிலிருந்து வந்து கலந்தது என்கின்றது. இக்கூறுகளுள் தென்னிந்தியக் கூறு என ஒன்று காணப்படவில்லை. ஒரு நாட்டின் மொழியை மாற்றும் அளவு செல்வாக்குடன் மக்கள் குடியேறினர் எனில், அவர்தம் எலும்பிலோ கலத்திலோ நெல்லிலோ ஓரடையாளமேனும் எஞ்சியிருத்தல் வேண்டுமன்றோ?

காலக் கணக்கில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. யாயோய்க் காலம் கி.மு. நான்காம் ஐந்தாம் நூற்றாண்டளவில் தொடங்கிற்று என முன்னர்க் கருதினர். 2003இல் ஜப்பானியத் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தார் கரிமக் காலக்கணிப்பின்வழி அத்தொடக்கத்தைக் கி.மு. பத்தாம் நூற்றாண்டை ஒட்டி முற்செலுத்தினர். அக்காலத்தில் வழங்கிய தமிழ் சங்கத் தமிழ் அன்று. அதற்கும் பன்னூறு ஆண்டு முற்பட்ட வடிவம். இதன் விளைவைக் கீழே காண்பாம்.

அண்டை வீட்டு உறவு

உறவு என்பது எவ்வாறு அறியப்படும்? இதற்கு விடை காணக் கடல் கடக்க வேண்டுவதில்லை. திருத்தணிகைக் கடைத்தெருவே போதும். தொல்காப்பியப் பாயிரம் தமிழ்நிலத்துக்கு வட எல்லையாகக் கூறும் வேங்கட மலைக்குத் தெற்கே அமைந்தது இவ்வூர். 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்க்கப்பட்டு, எல்லைக் கிளர்ச்சியின் பின் 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்தது. இங்குத் தமிழும் தெலுங்கும் ஒருங்கே ஒலிக்கும்.

தமிழர் ‘கோழி’ என்பதைத் தெலுங்கர் ‘கோடி’ என்பர். ‘ஏழு’ என்பதை ‘ஏடு’ என்பர். தமிழ் ழகரம் நிற்குமிடத்துத் தெலுங்கில் டகரம் நிற்கின்றது. கன்னடத்தில் ளகரம் நின்று ‘கோளி’, ‘ஏளு’ என வழங்கும். தமிழின் ‘உரல்’ தெலுங்கில் ‘ரோலு’. ‘உலக்கை’ அங்கு ‘ரோகலி’. ‘அவன்’ அங்கு ‘வாடு’. முதலுயிர் இடம் பெயர்தல் ஒரு சொல்லில் மட்டும் நிகழ்ந்ததன்று. சொற்கள் பலவற்றில் ஒரு நெறிப்பட நிகழ்ந்தது. இவ்வொழுங்கே உறவின் சான்று. ஒலி ஒத்திருத்தல் சான்றாகாது. வேறுபாடு நெறிப்பட்டிருத்தலே சான்றாம். ‘உரல்’, ‘ரோலு’ என்பன செவிக்கு ஒத்தவை அல்ல, ஆயினும் உறவுடையன.

அதே கடைத்தெருவில் ‘துரை’, ‘சந்தடி’ என்னும் சொற்களைத் தமிழர் வழங்குகின்றனர். இவை தெலுங்கிலிருந்து தமிழ் பெற்ற கடன் சொற்கள். ஒலியால் நெருங்கிய இவை உறவைக் காட்டா. அண்டை வாழ்வையே காட்டும். கடனையும் உடன்பிறப்பையும் பிரித்தறியும் கலையே ஒப்பியல் மொழிநூல்.

மொழியியலார் உறவு நாடுங்கால் அண்மையிலிருந்து சேய்மைக்குச் செல்வர். ஜப்பானியத்துக்கு ஐயமற்ற உடன்பிறப்பு ரியூக்யூத் தீவுகளின் மொழிகளே. தோக்கியோவில் ‘ஹனா’ எனப்படும் பூ, மியாகோத் தீவில் ‘பனா’ எனப்படும். பகரம் ஹகரமாயிற்று என்பதற்கு இஃது உயிருள்ள சான்று. கன்னடத்திலும் இம்மாற்றம் உண்டு. தமிழ்ப் ‘பால்’ அங்கு ‘ஹாலு’, ‘பத்து’ அங்கு ‘ஹத்து’. ஆயினும் கன்னடமும் ஜப்பானியமும் உறவுடையன என்று எவரும் சொல்லார். ஒரே வகை மாற்றம் இரு வேறிடங்களில் தனித்தனியே நிகழக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

சொல் ஒப்புமைகள்

ஓனோ காட்டிய இணைகளுள் ஒன்று, ‘படுகர்’ என்னும் தமிழ்ச் சொல்லும் ‘ஹதகே’ என்னும் ஜப்பானியச் சொல்லும். பின்னதன் பழவடிவம் ‘பதகே’ ஆதலின் ஒலி நெருக்கம் வெளிப்படை. பொருளை நோக்குவோம். ‘படுகர்’ என்பது ‘படு’ என்னும் அடியிற் பிறந்து தாழ்ந்த நிலத்தையும் வயலையும் குறிப்பது. ஜப்பானிய ‘ஹதகே’ நீர் நிற்கும் வயலன்று, புன்செய். நீர் வயலுக்கு அம்மொழியில் ‘த’ என்னும் தனிச்சொல் உண்டு. நன்செய்த் தொழிலைக் கற்பித்தவர் தம் தாழ்நிலச் சொல்லைப் புன்செய்க்கு வழங்கினர் என்றால், அதற்குக் காரணம் காட்டுதல் கடனாகும்.

மற்றோரிணை ‘அவலம்’ என்பதும் ‘அவரெ’ என்பதும். ஜப்பானிய இலக்கியக் கொள்கையில் பிற்சொல் உயரிய இடம் பெற்றது. அதன் பழவடிவம் ‘அபரெ’. வியப்பிடைச்சொற்கள் இணைந்து அமைந்தது என்பது அந்நாட்டார் கூறும் பழைய விளக்கங்களுள் ஒன்று. அவ்விளக்கம் பொருந்துமாயின், தமிழ்ச் சொல்லொடு காணும் ஒப்புமை கரைந்துவிடும். சொல்லைப் பகுத்த பின்னரே ஒப்பிடல் வேண்டும். ‘நாமம்’ என்பதும் ஜப்பானிய ‘நமயெ’ என்பதும் பெயரையே குறிக்கும். ஆயின் முன்னது வடசொல். பின்னது ‘ந’, ‘மயெ’ எனப் பிரியும். பகுத்தவுடன் ஒப்புமை மறைகின்றது.

யாழ்ப்பாணத்தார் ‘பாண்’ என்பதை ஜப்பானியரும் ‘பன்’ என்றே வழங்குகின்றனர். ஒலி, பொருள் இரண்டும் ஒத்தன. வரலாறு மட்டும் தெரியாவிடின் இதனைத் தலைசிறந்த சான்றெனக் கொள்வோம். உண்மையில் இரண்டும் போர்த்துகீசியர் தந்த சொல்லே.

இனி முன்னர்க் கூறிய காலச் சிக்கலைக் காண்போம். ‘செவி’ என்பது கன்னடத்தில் ‘கிவி’. ‘செய்’ என்பது பழங்கன்னடத்தில் ‘கெய்’. மூலத் திராவிடத்தில் இருந்த ககரம் தமிழில் சகரமாயிற்று. இம்மாற்றம் சங்க நூல்களுக்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது. ஆகவே கி.மு. முதலாயிரத்தின் தொடக்கத்தில் தமிழ்ச் சொல் ஜப்பான் சென்றது எனக் கூறுவோர், சங்கத் தமிழ் வடிவங்களையோ சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் காணும் பிற்கால வழக்குகளையோ எடுத்து ஒப்பிடுதல் பொருந்தாது. மீட்டுருவாக்கிய பழவடிவங்களையே ஒப்பிடல் வேண்டும். பரோ, எமனோ இருவரும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி அதற்கு வழி திறந்திருந்தும், தமிழ் ஒன்றனையே பற்றி நின்றது ஓனோவின் முறையில் உள்ள பெருங்குறை என்பது நம் துணிபு.

இலக்கணமும் விழாவும்

இரு மொழிகளிலும் பயனிலை இறுதியில் வரும்; உருபுகள் பெயர்க்குப் பின் நிற்கும்; ரகரம் மொழிக்கு முதலாகாது. தொல்காப்பியம் பயின்றார்க்கு இவ்வொற்றுமை உவகை தரும். ஆயினும் கொரியம், மங்கோலியம், துருக்கியம் ஆகியவற்றிலும் இவ்வியல்புகள் உள்ளன. பலர்க்கும் பொதுவான அடையாளம் இருவருடைய உறவை மட்டும் காட்டாது.

பொங்கல் ஒப்புமையே பொதுமக்களை மிகவும் கவர்ந்தது. ஜப்பானில் ‘சிறிய புத்தாண்டு’ ஜனவரி 15ஆம் நாள் வருகின்றது. வடபுலத்தில் அன்று காக்கைக்கு உணவிட்டு ‘ஹொங்கரா’ என ஆர்ப்பரிப்பர். இது ‘பொங்கலோ பொங்கல்’ என்பதனை ஒக்கும் என்றார் ஓனோ. நாளின் ஒற்றுமையை முதலில் ஆராய்வோம். ஜப்பானியர் 1873இல்தான் ஐரோப்பிய நாட்காட்டியை ஏற்றனர். அதற்குமுன் அவ்விழா திங்களைப் பற்றிய கணக்கில் முதல் மாதத்து முழுமதி நாளில் நிகழ்ந்தது. பொங்கலோ ஞாயிற்றின் மகரப் புகவை ஒட்டியது. அப்புகவும் நிலையாக ஜனவரி நடுவில் நின்றதன்று. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் அது டிசம்பர்த் திங்களின் குளிர்காலத் திருப்பு நாளையொட்டி வந்தது. எனவே இவ்விரு நாள்களின் ஒற்றுமை 1873க்குப் பின் நேர்ந்த தற்செயலே. யாயோய்க் காலத்தோடு அதற்குத் தொடர்பில்லை.

தாழி அடக்கமும் அத்தகையதே. ஆதிச்சநல்லூரிலும் கியூஷுவிலும் தாழிகள் உண்டு. கொரியாவிலும் தென்கிழக்காசியாவிலும் மத்தியதரைக் கடற்பகுதியிலும் உண்டு. ஜோமோன் மக்களே குழந்தைகளைக் கலத்தில் இட்டுப் புதைத்தனர்.

தொன்மை பற்றிய ஓர் எச்சரிக்கை

ஜப்பானியத் தொல்லியல் நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. இவாஜுகுவுக்குப் பின், மேலும் மேலும் பழைமையான கருவிகள் கிடைப்பதாகச் செய்திகள் வந்தன. ஆறு இலட்சம் ஆண்டுத் தொன்மை பேசப்பட்டது. 2000 நவம்பரில், அகழ்விடத்தில் ஒருவர் தாமே கருவிகளைப் புதைத்து வைப்பதைச் செய்தித்தாள் ஒன்று படம்பிடித்து வெளியிட்டது. பாடநூல்கள் திருத்தப்பட்டன. ஒருவர் செய்த குற்றத்தினும், ஆராயாது நம்பிய பலரின் விருப்பமே அந்நாட்டு ஆய்வுக்குப் பெருங்கேடு விளைத்தது. ஆயினும் குறையை மறைக்காது தாமே சோதித்துக் களைந்த அந்நாட்டறிஞரின் நேர்மை போற்றற்குரியது.

திருத்தணி அமைந்த திருவள்ளூர் மாவட்டத்திலேயே அதிரம்பாக்கம் உள்ளது. இராபர்ட் புரூசு ஃபூட் 1863இல் கண்ட அவ்விடத்துக் கைக்கோடரிகள் 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையன என்று 2011இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. அவற்றைச் செய்தோர் தமிழரல்லர். தற்கால மனித இனமே அன்று தோன்றவில்லை. நிலத்தின் தொன்மை வேறு, இனத்தின் தொன்மை வேறு, மொழியின் தொன்மை வேறு. திருத்தணி வீரட்டானேசுவரர் கோயிலில் அபராசிதப் பல்லவன் காலத் தமிழ்ச் செய்யுள் கல்லில் நிற்கின்றது. ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் இதுவென ஐயமின்றிக் கூறுகிறோம். சான்று எதுவரை செல்கின்றதோ அதுவரை செல்வதே ஆய்வாளர்க்கு அழகு.

முடிவுரை

ஓனோவின் கொள்கை மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே நாம் கண்ட முடிபு. இதனால் அப்பெருமகனாரின் உழைப்பு வீணாயிற்று எனல் ஆகாது. அவர்தம் வினாவால் இரு நாட்டு அறிஞரும் ஒருவர் இலக்கியத்தை ஒருவர் கற்றனர். மன்யோஷூப் பாடல்கள் மனோன்மணி சண்முகதாசின் வழியே தமிழில் வந்தன. அகப்பாடலையும் மன்யோஷூக் காதற்பாடலையும் ஒருங்கு வைத்துப் பயில இரத்த உறவு வேண்டுவதில்லை. இலக்கிய உணர்வு போதும்.

மெய்யான தொடர்புகளும் ஆராய்வாரின்றிக் கிடக்கின்றன. தென்னிந்தியத் துறவி போதிசேனர் 736இல் ஜப்பான் சென்று, 752இல் நாரா நகரத்துப் பெரும்புத்தர் சிலைக்குக் கண்திறப்பு விழா நடத்தினார். ஜப்பானிய நெடுங்கணக்கு அ, இ, உ, எ, ஒ எனத் தொடங்கிக் க, ச, த, ந என அமைந்தது, பௌத்தர் வழிச் சென்ற இந்திய எழுத்து முறையின் பயனாகும். இவை எழுத்தில் நின்ற சான்றுகள்.

தமிழ் தன் பெருமைக்கு எவ்வயலவர் உறவையும் வேண்டி நிற்பதன்று. ஜப்பானியம் பயின்ற தமிழறிஞர் சிலரையேனும் நம் பல்கலைக்கழகங்கள் உருவாக்குமாயின், இவ்வினாவுக்கு உண்டு என்றோ இல்லை என்றோ உறுதியான விடையை நாமே காணலாம். அதுவரை மாணாக்கர் இக்கொள்கையைக் கருதுகோள் என்றே எழுதுவாராக. முடிந்த முடிபெனக் கொள்ளற்க.